மறுநிமிடமே கிடைக்கும் காரணம்

ஏற்காடு மலைப்பாதையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர் என் சித்தப்பா. காப்பிக் கொட்டை மூட்டைகளையும் சில்வர் ஓக் மரங்களையும் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு வருவார். மலையில் வண்டி கவிழ்ந்த செய்தி வந்தால் பேப்பரில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: பிரேக் பிடிக்கவில்லை. அதைப் படித்ததும் அவருக்குக் கோபம் வரும். "பிரேக்கு தானா பிடிக்காமப் போவுமா கண்ணு? எந்த கியர்ல எறக்கினான்னு எவனாச்சும் கேட்டானா?"

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது டாப் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பாதி வளைவு தாண்டுவதற்குள் டிரம் காய்ந்து லைனிங் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை டிரைவர்கள் சொல்வது அதனால்தான். அப்போது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்பது பொய்யில்லை. ஆனால் அது கடைசி நிமிடத்தில் நடந்தது. டிரைவருக்கு மலைப்பாதை பழக்கமா, ராத்திரி தூங்கினாரா, லைனிங் எப்போது மாற்றியது, பாரம் எவ்வளவு கூடுதல், சீக்கிரம் வா என்று யார் நெருக்கினார்கள்? சித்தப்பா கேட்பதெல்லாம் அதற்கு முந்தைய கேள்விகள்.

2025 ஜூன் 12 மதியம் ஆமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தபோது நான் சேலம் ஐந்து ரோட்டில் ஒரு கடையில் நின்றிருந்தேன். போயிங் 787 விமானம் மேலே எழும்பி, மூக்கைத் தூக்கியபடியே கீழே அமிழ்ந்து, கட்டடங்களுக்குப் பின்னால் நெருப்பாக எழும் அந்த வீடியோ எல்லார் கையிலும் இருந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் 19 பேரும் இறந்தார்கள். மாலைக்குள் காரணங்கள் வரிசைகட்டி வந்துவிட்டன. பறவை மோதியது. எரிபொருளில் கலப்படம். ஃபிளாப்பை, அதாவது விமானம் எழும்ப உதவும் இறக்கைத் தகட்டை, இறக்க மறந்துவிட்டார்கள். சக்கரத்தை மடக்குவதற்குப் பதில் துணை விமானி ஃபிளாப்பை மடக்கிவிட்டார். சதி. கடைசி இரண்டையும் பலர் கண்ணால் பார்த்தது போலச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று, விமான விபத்து விசாரணைப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வந்தது. 15 பக்கம்தான். பறக்கும் பாதையில் குறிப்பிடும்படியான பறவை நடமாட்டம் இல்லை. விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிய இடத்தில் எடுத்த மாதிரிகள் சரியாக இருந்தன. ஃபிளாப் நெம்புகோல் 5 டிகிரியில், புறப்படும்போது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. துணை விமானி ஃபிளாப்பை மடக்கிவிட்டார் என்று ஒரு மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த மனிதருடைய வீட்டுக்காரர்களும் அதையெல்லாம் படித்திருப்பார்கள்.

எல்லா ஊகமும் வீண் என்று சொல்ல மாட்டேன். வீடியோவில் கேட்ட கிறீச்சென்ற சத்தத்தைச் சிலர் கவனித்தார்கள். இரண்டு இன்ஜினும் சக்தி இழந்தால் விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சிறு காற்றாடி தானாக இறங்கிச் சுழன்று, அவசரத்துக்கு மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் தரும். இது அந்தச் சத்தம்தான் என்றார்கள். அறிக்கை வந்தபோது அது சரியாக இருந்தது. அவர்களுடைய ஊகம் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார், வேறு விமானத்தின் சத்தத்தோடு ஒப்பிடு என்று வழியும் காட்டினார்கள். சதி என்றவர்கள் அப்படி எதையும் காட்டவில்லை. எந்தத் தடயம் கிடைத்தால் தங்கள் ஊகம் தப்பு என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதையும் சொல்லவில்லை. ஒரு ஊகத்துக்குக் காது கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இதைத்தான்.

அறிக்கை சொன்ன முக்கியமான செய்தி வேறு. விமானம் தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருளை அனுமதிக்கும் ஸ்விட்சுகள், ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக, நிறுத்தும் நிலைக்குப் போயிருக்கின்றன. சுமார் பத்து நொடி கழித்து ஒன்றும், அதற்கு நான்கு நொடி கழித்து மற்றதும் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டன. ஒரு இன்ஜின் மீளத் தொடங்கியது, உயரம் போதவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்பதும், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொல்வதும் பதிவாகியிருந்தன. கேட்டது யார், பதில் சொன்னது யார் என்று அறிக்கையில் இல்லை. ஸ்விட்சுகள் எப்படி நகர்ந்தன என்றும் இல்லை.

அந்த ஸ்விட்ச் நம் வீட்டு ஸ்விட்ச் மாதிரி கை பட்டால் மாறிவிடாது. மேலே இழுத்துத் தூக்கி, ஒரு தடுப்பைத் தாண்டி நகர்த்த வேண்டும். அதனால் சந்தேகம் உடனே விமானிகள் மேல் பாய்ந்தது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு பத்தியும் உண்டு. சில போயிங் விமானங்களில் இந்தத் தடுப்பு சரியாகப் பிடிக்காமல் இருக்கக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2018 டிசம்பரில் ஒரு ஆலோசனைக் குறிப்பு அனுப்பியிருந்தது. கட்டாயம் இல்லை என்பதால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பத்திகளில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு இறந்தவர்கள் மேல் பழி போட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் மனது கனக்கிறது. இதில் விசாரணை அமைப்புக்கும் பங்கு உண்டு. காக்பிட் பேச்சு முழுவதையும் வெளியிடாமல், முன்னும் பின்னும் இல்லாமல், அந்த இரண்டு வரியின் சாரத்தை மட்டும் எழுதினால் மிச்சத்தை ஊர் இட்டு நிரப்பத்தான் செய்யும்.

"பத்து நொடி என்ன செய்தார்கள்?" என்றும் கேட்டார்கள். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் அணைந்த ஏர்பஸ் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். புறப்பட்ட விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க முடியாதா என்று சிமுலேட்டரில் சோதித்தார்கள். பறவை மோதிய அதே நொடியில் திருப்பினால் முடிந்தது. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள மனிதனுக்குத் தேவையான 35 நொடியைச் சேர்த்ததும் விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் நமக்கு அந்த 35 நொடி தேவைப்படுவதில்லை.

அவசர ஊகம் மனதைத்தான் புண்படுத்தும் என்று நினைக்க வேண்டாம். அது உயிரையும் வாங்கியிருக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணி விமானம் பிரிட்டனின் காமெட். 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே வானிலேயே சிதறியது. 35 பேர் இறந்தார்கள். உடைந்த பாகங்கள் கடலுக்கடியில் கிடந்தன. தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே நிபுணர்கள் உட்கார்ந்து எதனால் இருக்கலாம் என்று யோசித்தார்கள். தீயாக இருக்கலாம். இன்ஜினின் டர்பைன் உடைந்திருக்கலாம். தோன்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களைச் செய்தார்கள். எல்லாம் அக்கறையோடு செய்ததுதான். மார்ச் 23 அன்று காமெட் மறுபடியும் பறந்தது. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 8 அன்று, நேப்பிள்ஸுக்கு அருகே இன்னொரு காமெட் அதே மாதிரி சிதறியது. அதில் 21 பேர்.

அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். விமானம் மேலே போகும்போது வெளியே உள்ளதை விட உள்ளே காற்றழுத்தம் கூடுதலாகும், இறங்கும்போது அந்த வித்தியாசம் குறையும். அதையே தண்ணீரால் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த உடல் அது. தொட்டியில் இன்னும் 1,836 சுற்று தாங்கிவிட்டுக் கிழிந்தது. ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியுமே, அந்த உலோகக் களைப்புதான். கதவு, ஜன்னல் திறப்புகளின் மூலையில் இழுவிசை கணக்கிட்டதை விட மிக அதிகமாகக் குவிந்திருந்தது. ஐம்பது திருத்தங்களில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. இன்று நாம் ஏறும் விமானங்களின் ஜன்னல் மூலைகள் உருண்டையாக இருக்கின்றன. அந்த 21 பேரைப் பொறுத்தவரை, காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி மூன்று மாதம் முந்தி வந்துவிட்டது.

பழியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதிலும் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320 ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் புது விமானம் என்பதால் பயம் மொத்தமும் இயந்திரத்தின் மேல் திரும்பியது. ஏ320 விமானங்கள் அத்தனையையும் அரசு நிறுத்தி வைத்தது. விசாரணையில் தெரிந்தது: இறங்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்ட முறை, இன்ஜினை மிகக் குறைந்த சக்தியில் வைத்திருந்தது, வேகம் குறைவதைக் கவனித்தபோது நேரம் கடந்திருந்தது. நேர்மாறாக, 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் 189 பேரோடு கடலில் விழுந்தபோது, ஏழை நாட்டு விமானிகளுக்குப் பயிற்சி போதாது என்ற பேச்சு எழுந்தது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே போயிங் 737 மேக்ஸ் ரகம், 157 பேர். ஒரே ஒரு சென்சார் தப்பாகச் சொன்னால் போதும், விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தும் மென்பொருள் ஒன்று உள்ளே இருந்தது. விமானிகளுக்கு அதைப் பற்றி முதலில் சொல்லவே இல்லை.

என்னைப் பொறுத்தவரை சித்தப்பாவின் கேள்விகளுக்கு மிக அருகில் வருவது கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7, கொட்டும் மழை, இரவு. துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேசை போல மலை மேல் அமைந்த ஓடுபாதையில் நிற்காமல் ஓடி விளிம்பைத் தாண்டி விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். "விமானியின் தவறு" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். உத்தேசக் காரணமாக அறிக்கை சொன்னதும் விதிமுறையை மீறி இறக்கத்தைத் தொடர்ந்ததைத்தான். ஆனால் அறிக்கை அங்கே நிற்கவில்லை. கேப்டன் பக்கத்து வைப்பர் ஓடி நின்றுபோயிருந்தது. முதல் முறை இறங்க முயன்று மேலே போனார்கள். இரண்டாம் முறை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததால் காற்று பின்னாலிருந்து தள்ளியது. ஓடுபாதையின் நடுப்பகுதிக்கு வந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. அதற்கும் பின்னால் போனால், அந்த நிலையத்தில் கேப்டன்கள் போதவில்லை. மறுநாள் காலை விமானத்தையும் அவரே ஓட்ட வேண்டியிருந்தது. எப்படியாவது இன்றிரவே கோழிக்கோடு போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பு அவருடைய முடிவுகளில் இருந்திருக்கலாம் என்று அறிக்கை எழுதியது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்குத் தப்பு தெரிந்தும், மூத்தவரை மீறி விமானத்தைக் கையில் எடுக்க முடியவில்லை.

அதற்குப் பத்து வருடத்துக்கு முன் இதே கதை மங்களூரில் நடந்தது. 2010 மே 22, மறுபடியும் ஒரு மேசை ஓடுபாதை, 158 பேர் இறப்பு. கேப்டன் வழியில் நீண்ட நேரம் தூங்கியிருக்கிறார். குறட்டைச் சத்தம் கருப்புப் பெட்டியில் இருந்தது. விழித்த பிறகு விமானம் அளவுக்கு மேல் உயரத்தில் வந்தது. இறங்க வேண்டாம், மேலே போகலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். ஒரு விமானம் விழுவதற்கு முன் அதைத் தடுக்கக்கூடிய வளைவுகள் இத்தனை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாராவது கியரைக் குறைத்திருக்கலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பன்னிரண்டாம் வளைவில் தடுப்புச் சுவர் இடிந்து கிடப்பதைப் பார்த்து, இருபதாம் வளைவிலிருந்து என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது போன்றது விசாரணையாளரின் வேலை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் மேல் பழி என்று தீர்மானிப்பது இல்லை என்று எழுதி வைத்திருப்பதன் பொருளும் இதுதான். பழி விழும் என்று தெரிந்தால் மெக்கானிக்கும் விமானியும் நடந்ததைச் சொல்ல மாட்டார்கள்.

மலை என்றதும் குன்னூரைச் சொல்லாமல் விட முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தபோது, நாசவேலை என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. விசாரணை சொன்னது வானிலையை: பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததும் விமானிக்குத் திசை உணர்வு குழம்பியது, கட்டுப்பாட்டில் இருந்தபடியே ஹெலிகாப்டர் நிலத்தில் மோதியது. சேர்வராயன் மலையில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். வெள்ளைத் திரைக்குள் போனதும், ரோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு கணம் தெரியாது. சமநிலையைச் சொல்லும் காதுக்குள் இருக்கும் திரவம், கண்ணுக்கு ஒரு கோடும் தெரியாதபோது பொய் சொல்லும். நமக்காவது வண்டியை ஓரம் கட்ட ஒரு இடம் இருக்கிறது.

அதே நீலகிரியில் 1950 டிசம்பர் 13 அன்று ஓர் ஏர் இந்தியா விமானம் மலையில் மோதி எல்லாரும் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆபிரகாம் வால்டு என்ற கணித மேதையும் அவர் மனைவியும் இருந்தார்கள். சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் இருந்து அவர் செய்த வேலை ஒன்று உண்டு. சண்டைக்குப் போய்த் திரும்பிய குண்டுவீச்சு விமானங்களில் எங்கெங்கே குண்டு துளைத்திருக்கிறது என்ற கணக்கு அவர் மேசைக்கு வந்தது. துளை அதிகமாக உள்ள இடத்துக்குக் கவசம் போடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த விமானங்கள் துளையோடு திரும்பி வந்தவை. இன்ஜினில் அடி வாங்கியவை திரும்பவில்லை. அதனால் கணக்கில் அங்கே துளை குறைவு. திரும்பாத விமானங்கள் எங்கே அடி வாங்கியிருக்கும் என்பதைத் திரும்பியவற்றிலிருந்து கணக்கிடும் வழியை அவர் எழுதினார்.

ஒரு வீடியோவைப் பார்த்துக் காரணம் சொல்லும்போது நாமும் கண் முன் உள்ள துளைகளைத்தான் எண்ணுகிறோம். விழுந்த விமானத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பத்திரமாக இறங்கிய விமானங்களின் பறப்புப் பதிவுகளையும் விமான நிறுவனங்கள் ஆராய வேண்டும் என்ற ஏற்பாடு இதை நிரப்பத்தான்: எந்த ஓடுபாதையில் அடிக்கடி வேகம் கூடுதலாக வருகிறார்கள், எங்கே உயரம் தப்புகிறது என்பது யாரும் சாகாமலே தெரிந்துவிடும்.

நம் சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது. 1993-இல் வந்தது; வருடக்கணக்கில் விமானமே இல்லாமல் கிடந்தது; 2018-இல் தொடங்கி, நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் உயிர் பெற்றது. ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். அதில் வருபவை இரட்டைப் புரொப்பெல்லர் கொண்ட ஏடிஆர் விமானங்கள். சுற்றிலும் மலை: சேர்வராயன், நகரமலை, கஞ்சமலை. மேகம் தாழ்ந்தால் இறங்குவதா, திரும்புவதா என்ற முடிவு இங்கே அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு ஐப்பசி மழையில் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் சேர்வராயன் பாதிக்கு மேல் தெரியவில்லை. வயல்கள் கிட்டத்தில் வந்துவிட்டன. சக்கரம் தொடப் போகிறது என்று நினைத்தபோது இன்ஜின் சத்தம் உரக்க, விமானம் மேலே ஏறியது. ஒரு குழந்தை அழுதது. பின்னால் ஒருவர், "தரை தெரியுது, எறக்க வேண்டியதுதானே, எத்தனை வேலை கிடக்குது" என்று சத்தம் போட்டார். பெங்களூருக்குத் திருப்பிவிடுவார்களோ என்று எல்லாருக்கும் கவலை. வட்டமடித்துவிட்டு இரண்டாம் முறை இறங்கியது.

ஏடிஆரில் பின்கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும், விமானிகளைப் பார்க்க முடியாது. ஓமலூர் போகும் வழியிலேயே சித்தப்பாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "மேல போயிரலாம்னு சொன்னது பெரியவரா கண்ணு, பக்கத்துல உக்காந்திருந்த சின்னவரா?"